முள் ஏறும் வரை

பெயின்ட் அடிப்பவரின் விரல் ஸ்பிரே கன்னின் விசையில் நிலைகொள்ளாமல் துடிக்கிறது. மேசைகளுக்குக் கடைசிப் பூச்சு பாக்கி. அவற்றை ஏற்ற வந்த லாரி பட்டறை வாசலில் உறுமிக்கொண்டிருக்கிறது. புகைக்குழாயில் புதிதாக மாட்டிய பெட்டிக்குள் பிளாட்டினம் பூசிய, தேன்கூடு போன்ற ஒரு கட்டி இருக்கிறது. அது சூடேறினால்தான் வார்னிஷில் கலந்த தின்னரின் ஆவியைத் தீப்பிழம்பே இல்லாமல் எரித்துத் தீர்க்கும். சூடு போதாவிட்டால் ஆவி நேரே எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போய்விடும். அங்கே தொட்டில் ஆடுகிறது, குழந்தை இருமுகிறது. பெட்டியின் சூடு காட்டும் முள் பச்சைக் கோட்டுக்குக் கீழேயே நின்று நடுங்குகிறது. "என்னய்யா, முறைச்சுப் பாத்தா சூடாயிடுமா? லாரிக்காரன் கிளம்பிட்டா ஆர்டரே போச்சு, அடிச்சு விடு!" என்கிறார் முதலாளி. "கொஞ்சம் பொறுங்க முதலாளி, எதிர்ல பச்சப்புள்ள இருக்கு." "ஊர்ல இல்லாத புள்ள!" என்று முணுமுணுத்தபடியே முதலாளி வெளியே போய் லாரிக்காரரிடம் ஏதோ சொல்கிறார், லாரியின் உறுமல் அடங்குகிறது. பெயின்ட் அடிப்பவரின் உதடு ஏதோ பிரார்த்தனையை முணுமுணுக்க, கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. முள் பச்சையைத் தொடுகிறது. விசை அழுந்த, வார்னிஷ் மெல்லிய மூடுபனியாய் மேசைமேல் படிகிறது. கண் மட்டும் ஜன்னலில். வழக்கமாக, நெடி கிளம்பியதுமே படாரென்று சாத்தப்படும் ஜன்னல் அது. தாயின் கை நீண்டு கதவைப் பிடிக்கிறது. இவர் விரல் விசையை விட்டுவிடுகிறது. அந்தக் கை, பாதி திறந்திருந்த கதவை முழுசாகத் தள்ளித் திறந்து, கொக்கி மாட்டுகிறது.