கோப்பைக்குப் பூசிய சாயம்

"உலகத்துல உண்மையான பந்தய ரசிகன் இன்னும் ரெண்டே பேர்தான் மிச்சம்" என்று அயர்லாந்தின் பாலிமோரன் ஊர் பப்பில் மலக்கி டோலன் அறிவித்தார். "ஒருத்தன் நான். இன்னொருத்தனைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

எதிரே உட்கார்ந்திருந்த ஃபெர்கஸ், நாற்பது வருடமாக அவரோடு குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவர்.

"மத்தவனெல்லாம் சோபாவுல சாஞ்சுக்கிட்டு போன்ல பாக்குறான். போன்ல பந்தயம் பாக்குறவன் யார் தெரியுமா? பப்புக்கு வெளிய நின்னு பீரை மோந்துட்டுப் போறவன்!"

"கத்தாதய்யா. போன வருஷம் வந்தது மூவாயிரத்து நூறு பேர். இந்தச் சனிக்கிழமை நாலாயிரம் தேறலேன்னா, அடுத்த வருஷம் கோப்பைப் பந்தயத்தை டப்ளினுக்குத் தூக்கிடுவாங்க."

"தூக்கிட்டா அப்புறம் நமக்கு ஜூன் மாசம் எதுக்குய்யா?"

இருவரும் கிளாஸைக் காலி செய்தார்கள். பிறகு தலைகள் நெருங்கின. குரல்கள் தாழ்ந்தன.

பக்கத்து மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்த ஊனா கெனி, ஸ்பூனை அப்படியே நிறுத்தினார். பந்தய வாரியம் சாதா உடையில் அனுப்பிய கண்காணிப்பு அதிகாரி அவர். குரல்கள் தாழும் இடத்தில் காதைக் கூர்மையாக்குவதற்குத்தான் சம்பளம்.

"சாயம் வாங்கியாச்சா?" என்றார் மலக்கி.

"மருந்துக்கடையில இருந்த பழுப்பு மொத்தமும் அள்ளியாச்சு. இருபது டப்பா."

"ஒரு வெள்ளை முடி தெரியக் கூடாது. கேட்டுல ஜெராட் நிப்பான். அவன் நேர்மையானவன்."

"நேர்மையானவன்தான். ஆனா கண்ணாடி போட மாட்டான். அழகு கெட்டுடுமாம்."

"அதான் நம்ம அதிர்ஷ்டம். ஏற்கெனவே பாத்ததுதான்னு மட்டும் அவனுக்குத் தோணிடக் கூடாது."

"மழை வந்துட்டா?"

"ஜூன் மாசத்துல எங்கய்யா மழை?"

இதை, வருடம் முழுக்க மழையில் நனையும் ஓர் அயர்லாந்துக்காரர் வாயிலிருந்து கேட்டபோதுதான், இவர்கள் எதற்கும் துணிந்தவர்கள் என்று ஊனாவுக்கு உறைத்தது.

விசாரித்ததில் மிச்சமும் புரிந்தது. கோப்பைப் பந்தயத்தில் ஃபெர்கஸின் குதிரையும் ஓடுகிறது. பெயர் ஓல்ட் அம்ப்ரெல்லா. நிறம் பழுப்பு. ஐந்து வருடத்தில் அது முந்தியது ஒரே ஒரு முறை. அதுவும் வழியில் பழுதாகி நின்ற ஆம்புலன்ஸை. அதன் மேல் பணம் கட்ட அதன் சொந்தக்காரரே யோசிப்பார்.

பழைய தந்திரம்தான். எங்கிருந்தோ ஒரு புயல்வேக வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்து, பழுப்புச் சாயம் அடித்து, நொண்டிக் குதிரையின் பெயரில் ஓட விடுவது. வாலையும் சேர்த்தால் ஒரு குதிரைக்கு இருபது டப்பா சரியாக இருக்கும் என்று ஊனா கணக்குப் போட்டார். பதவி உயர்வு கிடைத்தால் எந்த ஊரில் வீடு பார்க்கலாம் என்றும் கொஞ்சம் யோசித்தார்.

சனிக்கிழமை விடிந்தது. மழை கொட்டியது.

கோப்பைப் பந்தயத்துக்கு முன்பு பதினோரு குதிரைகளையும் வரிசையாக நிறுத்தி, காது முதல் வால் வரை ஈரப் பஞ்சால் தேய்க்கச் சொன்னார் ஊனா. ஒரு குதிரை பஞ்சைத் தின்றுவிட்டது. மற்றபடி ஒரு பொட்டுச் சாயமும் ஒட்டவில்லை. ஓல்ட் அம்ப்ரெல்லா அசல் பழுப்பு, அசல் மந்தம் என்று இரண்டுக்கும் குதிரை மருத்துவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அசடு வழிய நிமிர்ந்த ஊனாவின் கண்ணில் பார்வையாளர் மாடம் பட்டது. நாலைந்து வரிசைக் குடைகள். அதற்கு மேல் வெறும் பெஞ்சுகள்.

"இதுவரை வந்திருக்கும் ரசிகர்கள் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது!" என்று ஒலிபெருக்கி பூரித்தது.

ஊனா, ஜெராட் நிற்கும் உறுப்பினர் வாசலுக்கு ஓடினார்.

வெளியே நீளமாக ஒரு வரிசை. எல்லோர் கோட்டிலும் பந்தய கிளப் உறுப்பினர் பேட்ஜ்; அது இருந்தால் டிக்கெட் வேண்டாம். ஜெராட் கண்ணை இடுக்கி ஒவ்வொரு தலையையும் உற்றுப் பார்த்து, புது முகம்தான் என்று திருப்திப்பட்டு, கையிலிருந்த எண்ணும் கருவியை ஒரு அமுக்கு அமுக்கி உள்ளே விட்டார். உள்ளே போகிறவர்களை மட்டும்தான் அந்த ஊரில் எண்ணுவார்கள். கார் நிறுத்தும் பக்கமாக வெளியே போகிறவர்களை எண்ணும் வழக்கம் என்றைக்குமே இருந்ததில்லை.

வரிசையில் நின்ற அத்தனை பேர் பிடரியிலும் பழுப்பு நிறம் ஒழுகிக்கொண்டிருந்தது.

உள்ளே மணி அடித்தது. கோப்பைப் பந்தயம் தொடங்கிவிட்டது. வரிசையில் ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை.

"ஃபெர்கஸ், உள்ள உங்க குதிரை ஓடுது!" என்றார் ஊனா.

"தெரியும்மா. வெள்ளைத் தலையோட ஆறு, சாயத்தோட ஏழு, இது எனக்குப் பதிமூணாவது தடவை. இன்னும் நாப்பது பேர் உள்ள போயிட்டா கோப்பை ஊர்லயே தங்கிடும். இப்பப் போய் வரிசையைக் கலைக்கச் சொல்றீங்களா?"

ஊனா தன் உத்தரவுக் கடிதத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். குதிரைகளில் மோசடி நடக்காமல் பார்த்துக்கொள்ளவும் என்றுதான் இருந்தது. ரசிகர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஃபெர்கஸுக்குப் பின்னால் மலக்கி நின்றிருந்தார். கொட்டுகிற மழையில் வெறுந்தலை. கரைந்த சாயம் காதோரமாக இறங்கி வெள்ளைக் காலரை நாசமாக்கிக்கொண்டிருந்தது. கழற்றிய தொப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துத் தலை கவிழ்ந்து, சவ ஊர்வலத்தில் நிற்பவர் போல நின்றார்.

மனசு கேட்காமல், ஊனா தொப்பிக்குள் எட்டிப் பார்த்தார். நனையாமல் பத்திரமாக ஒரு போன். அதில் எறும்பு அளவில் பதினோரு குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, மறைக்குது" என்றார் உலகத்தின் உண்மையான பந்தய ரசிகர்.