சுருளிப்பட்டி முப்பது ஏக்கர்

"மதினி, சட்டுன்னு கையெழுத்துப் போடுங்க. வெளிநாட்டுக்காரக காத்திருக்காக." சூரியபிரகாஷ் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

கம்பெனி போர்டில் ஒரு பெண் இருந்தால்தான் திராட்சை ஆர்டர் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். கேள்வி கேட்கமாட்டாள் என்று அண்ணன் மனைவி நதியாவை டைரக்டராக்கியிருந்தான்.

"சுற்றுச்சூழல் அறிக்கையில, சுருளிப்பட்டி முப்பது ஏக்கரையும் காடா விட்டிருக்கோம்னு இருக்கு. வரிக் கணக்குல, அதே நெலத்துல திராட்சை வெளைஞ்சு வந்த வருமானம், வெவசாயம்கிறதால வரி கெடையாதுன்னு இருக்கு. எது நெசம்?" என்று காகிதங்களைப் புரட்டியபடி கேட்டாள் நதியா.

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். காடு என்றால் கணக்கில் காட்டிய பணத்துக்கு வரி கட்ட வேண்டும். தோட்டம் என்றால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் போகட்டும்.

"திராட்சைதான் மதினி. காடுன்னது சும்மா."

"காலையில அங்கன போய்ட்டுத்தான் வாரேன் கொழுந்தனாரே. கொடியும் இல்ல, மரமும் இல்ல. பூராம் வீட்டு மனைக்குக் கல்லு ஊண்டியிருக்காக. யாரு வித்ததுன்னு கேட்டேன். உங்க பேரைத்தான் சொல்றாக."