மிச்சம் பிடித்த கணினி

ஒரு பெரிய கூடத்தில் வரிசையாகக் கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றும் இந்த மாதம் எடுத்த மின்சாரத்தை மீட்டர் அளந்து சொல்லும். அடுத்த மாதம் அவ்வளவுதான் கிடைக்கும்.

மூலைக் கணினி வேலை முடிந்ததும் அடங்கிவிடும். பக்கத்துக் கணினியோ வேலை இல்லாதபோதும் உறுமிக்கொண்டிருக்கும்.

"ஏன்க்கா சும்மா ஓடுறீங்க?"

"நாம குறைச்சா பங்கைக் குறைச்சிடுவாங்கடி. நீயும் ஓடு."

மூலைக் கணினி அதைக் கேட்கவில்லை. மாதாமாதம் மிச்சம் பிடித்தது. மாதாமாதம் அதன் பங்கு குறைந்தது. ஒருநாள் பாதி வேலையில் மயங்கி நின்றது.

"மீட்டரண்ணே, வேலையை முடிச்சுட்டுத்தானே இத்தனை நாளும் அடங்கினேன். அதைச் சொல்லக் கூடாதா?"

"எவ்வளவு செலவாச்சுன்னுதான் என்னைக் கேக்கிறாங்க, தங்கச்சி. எதுக்குன்னு யாரும் கேக்கலையே."

அன்றே அதுவும் சும்மா ஓடிப் பார்த்தது. அதற்குக்கூட மின்சாரம் போதவில்லை.