மாலை ஆறு மணிக் கட்டம்

குளிரறைக் கதவின் ரப்பர் கிழிந்த இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. கோழிக்கறி அடுக்கிய அட்டைப்பெட்டிகள் நமுத்துப்போய் விரலுக்கு அமுங்குகின்றன. வெப்பமானி நாலு டிகிரியைத் தாண்டக் கூடாது, பதினொன்று காட்டுகிறது. குளிரறைக்காரி அதை மேலங்கி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறாள். பதினொன்றேதான். வாசலில் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போகும் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் சுவரில் தொங்கும் வெப்பநிலைக் குறிப்புத் தாளை எட்டிப் பார்க்கிறான். “எல்லாம் நாலுன்னுதானேக்கா போட்டிருக்கு? ஏத்திடவா?” மணி இப்போது மூன்று. தாளில் மாலை ஆறு மணிக் கட்டத்திலும் நாலு இருக்கிறது. தினமும் போல, வந்ததும் வராததுமாகக் காலையிலேயே அவள் எழுதி வைத்தது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும். “அக்கா?” என்கிறான். அவள் வழிவிட்டு ஒதுங்குகிறாள். அவன் முதல் பெட்டியைத் தோளில் ஏற்றுகிறான். அதன் அடியிலிருந்து இளஞ்சிவப்பு நீர் அவன் முதுகில் கோடாக இறங்குகிறது.