பாதி ஷட்டர்

ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கினான். அதற்கு மேல் தூக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊரில் எந்த சலூனும் திறக்காது. முழுக்கத் தூக்கினால் சங்கத்தில் கேள்வி வரும். முழுக்க இறக்கிவிட்டு வீட்டில் கிடந்தாலோ அவனுக்கு இருப்புக் கொள்ளாது.

குனிந்து உள்ளே போனான்.

கத்தரியைத் தீட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று மனைவி கலாமணியிடம் சொல்லியிருந்தான். பவானி கூடுதுறைக்குப் போக அவள் புடவை கட்டிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வந்ததில்லை. அவளுடைய ஜவுளிக்கடையில் வியாழன்தான் கொடுப்பார்கள். சூப்பர்வைசரிடம் நடையாய் நடந்து செவ்வாய்க்கு மாற்றி வாங்கினாள். அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும். அதே நாள் தொடர்ந்து வேண்டுமா என்று இன்று மதியத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

முந்தைய மூன்று செவ்வாயும் இப்படித்தான் போயின.

கத்தரியை இரண்டு இழுப்பு இழுத்து வைத்தான். சீப்புகளை ஊற வைத்தான். கழுவ மனம் வரவில்லை.

ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன.

"இன்னைக்கு லீவுங்க. நாளைக்கு வாங்க."

கால்கள் போயின. போன பிறகு, சும்மா இருக்கிற நேரத்துக்கு அந்த ஆளுக்குச் சவரம் செய்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

நாற்காலியைச் சாய்த்துப் படுத்தான். கன்னத்தில் நுரை படுவதற்குள் குறட்டை விடுகிறவர்களைச் சுமந்த நாற்காலி. அவனுக்குக் கண் மூடவில்லை. கடைக்கு வந்தால் வீட்டு நினைப்பு, வீட்டில் இருந்தால் கடை நினைப்பு. சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால். அவன் மேல் அவனுக்கே எரிச்சல் வந்தது.

போய்விடலாம் என்று எழுந்தான். எழுந்தவன் கண்ணில் கண்ணாடியின் அழுக்கு பட்டது. துணியை எடுத்தான்.

மணி பதினொன்றே முக்கால்.

வாசலில் செருப்புச் சத்தம் வந்து நின்றது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு லீவுங்க."

செருப்பு நகரவில்லை.

"எனக்குந்தானுங்க."

கலாமணி.

துணி கையிலிருந்து நழுவியது. ஷட்டருக்குக் கீழே புடவைக் கரை தெரிந்தது, பாதங்கள் தெரிந்தன. முகம் தகரத்துக்கு அந்தப் பக்கம். எதிரே நிற்பவள் யாரென்று பாராமல் விரட்டியிருக்கிறான். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

குனிந்து வெளியே பாய்ந்தான். அவள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

"ஆமாங்க சார். மதியத்துக்குள்ள சொல்லச் சொன்னீங்கள்ல, அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அவன் இரண்டு கையாலும் ஷட்டரைப் பிடித்துத் தரைவரை இழுத்தான். நான்கு செவ்வாயாகப் பாதியில் நின்ற தகரம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி தடதடத்து இறங்கியது.

அந்தச் சத்தத்தில், அவள் எந்தக் கிழமையைச் சொன்னாள் என்பது அவனுக்குக் கேட்கவில்லை.