வெள்ளை மெத்தை நாற்காலி

"ஜூன் 4, செவ்வாய். ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். தங்கையின் பள்ளி விண்ணப்பத்தில் அப்பாவின் தொழிலைப் பெயிண்டர் என்று போடாமல் ஒப்பந்ததாரர் என்று போட்டுவிட்டேன்."

அதற்குமேல் எழுத மூத்தவளுக்கு நேரமில்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்தப் பள்ளியில் பிள்ளைக்கு ஒரு அறையில் தேர்வு, பெற்றோருக்கு இன்னொரு அறையில். இரண்டு பேரும் தேறினால்தான் இடம். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் மூத்தவள் வந்திருந்தாள்.

மூன்று நாளாக அப்பாவுக்கு வகுப்பு எடுத்திருந்தாள். பதினான்கு குறிப்புகள், வரிசை எண் போட்டு. நகத்தை பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும். காலை ஆட்டக்கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில்.

"ஒப்பந்ததாரர்னா நாலு பேரை மேய்க்கணும். நான் ஏணியத்தான் மேய்க்கிறேன்," என்று வீட்டில் சிரித்தவர், இங்கே சிரிக்கவில்லை.

வெள்ளை மெத்தை நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். மூத்தவள் பின்னால் நின்றுகொண்டாள்.

"உங்ககிட்ட எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார் சேர்க்கையைக் கவனிக்கும் மேடம்.

"வேலையைப் பொறுத்து, மேடம்."

ஏழாவது குறிப்பு. எழுத்துப் பிசகாமல் வந்தது.

வீட்டில் யார் பாடம் சொல்லித் தருவார்கள்? பெரிய மகள், கணக்கியல் படிக்கிறாள். மாலை வகுப்பில்தான் என்பதை விழுங்கிவிட்டார்.

மூத்தவளின் கண் அவரைவிட்டு நகரவில்லை. நகக்கண்ணில் பச்சைப் பெயிண்ட் மிச்சமிருக்கிறதா? இல்லை. கால் ஆடுகிறதா? இல்லை.

மேடம் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பேனாவைத் திறந்தார். ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"நீ ஏம்மா நிக்கிறே? உக்காரு."

மூத்தவள் பக்கத்து வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பேனா நின்றது.

மேடம் அவளுடைய நாற்காலியைப் பார்த்தார். அப்பாவும் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

மூத்தவள் குனிந்து பார்த்தாள்.

டீப்பாயில் கிடந்த அன்றைய பேப்பர் அவளுக்கு அடியில் விரிந்திருந்தது. மெத்தை துளியும் தெரியாதபடி ஓரங்கள் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன.

எப்போது எடுத்தாள், எப்போது விரித்தாள், அவளுக்கே தெரியாது. எட்டு வயதிலிருந்து லீவு நாளெல்லாம் அப்பாவோடு போய்ச் சுவர் சுரண்டியவள். அடுத்தவர் வீட்டு நாற்காலியில் சுண்ணாம்பு படக்கூடாது.

"எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவங்களும் இப்படித்தான் விரிச்சு உக்காந்தாங்க," என்றார் மேடம், முகச் சிரிப்பு மாறாமல். பேனாவை மூடினார். "சரி, சொல்லி அனுப்புறோம்."

வாசலில் தங்கை குதித்துக்கொண்டு வந்தாள். கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னாளாம். புறங்கையில் நட்சத்திரம் ஒன்று ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

தெருமுனையில் மூத்தவள் நின்றாள்.

"பதினாலு சொன்னேனேப்பா. இது தோணவே இல்லையே."

அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கும் அந்தப் பேப்பர் பக்கம் கை போச்சும்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பஸ்ஸில் அவள் நோட்டைத் திறந்தாள்.

"நாளை: ஒன்பது மணிக்குள் அரசுப் பள்ளி வரிசையில் நிற்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் இரண்டு."