"சின்னச் சுறா இருக்கா?"

மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வந்து கேட்டதும் மீன்காரருக்குத் திக்கென்றது. பிடிக்கக்கூடாத சின்னச் சுறா பெட்டி நிறைய இருந்தது.

"பார்த்தா ஆபீசர் மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தாள் மீன் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி.

பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, விழிப்புணர்வுக் கூட்டத்தில் கேட்டதை அப்படியே ஒப்பித்தார் மீன்காரர்.

"நாங்க தொடுறதே இல்ல சார்! முழுசா வளர்ந்தாலே கை நீளம்தான். ரெண்டு மூணு குட்டிதான் போடும். கரையோர வலையில வயித்துல குட்டியோட மாட்டுது. இப்படியே போனா இனமே அழிஞ்சிடும்."

"நிஜமாவா?"

"என் புள்ளைங்க மேல சத்தியம்!"

வந்தவர் முகம் வாடியது. "நல்லவேளை சொன்னீங்க. எனக்கு நாலஞ்சு ஹோட்டல் இருக்கு. தினமும் உங்ககிட்டயே சுறா வாங்கலாம்னு வந்தேன். இனிமே அதைச் சமைக்கவே மாட்டோம்."

கும்பிட்டுவிட்டுப் போனார்.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இப்போ எந்த வாயால அவரைத் திரும்பக் கூப்பிடுவீங்க?"